பேட்டரிக் கண்காணிப்புக் கேமராக்களில் அசைவறிதல் சிக்கல்கள்

பேட்டரியில் இயங்கும் வீட்டுக் கண்காணிப்புக் கேமராக்கள், எதிரே ஆளோ வண்டியோ நகரும்போது மட்டும் விழித்துக்கொண்டு படம் பிடிப்பவை. மற்ற நேரங்களில் அவற்றின் படமெடுக்கும் பகுதி அணைந்தே கிடக்கும். அதை எழுப்பிவிடும் வேலையைப் பெரும்பாலான கேமராக்களில் ‘பிஐஆர்’ எனப்படும் வெப்ப உணரி செய்கிறது. ஆள் வந்தும் பதிவாகாமல் போவது, ஆளே இல்லாதபோது எச்சரிக்கை வருவது, வந்தவர் திரும்பிப் போகும்போதுதான் பதிவு தொடங்குவது ஆகிய மூன்றும் இவ்வகைக் கேமராக்கள் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறைகள். இவற்றில் பெரும்பாலானவை கருவி பழுதானதால் வருவன அல்ல. மிகக் குறைந்த மின்சாரத்தில் மாதக்கணக்கில் இயங்க வேண்டும் என்ற வடிவமைப்பிலிருந்தே பிறப்பவை.

வணிகப் பின்னணி

கம்பியே இல்லாத வீட்டுக் கேமராக்கள் 2010-களின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சந்தையில் பரவின. பிளிங்க் நிறுவனம் 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தன் கேமராவைக் கொண்டுவந்தது. நெட்கியர் நிறுவனத்தின் ஆர்லோ கேமராவும், ரிங் நிறுவனத்தின் அழைப்புமணிக் கேமராவும் ஏறத்தாழ அதே காலத்தவை. அமேசான் நிறுவனம் 2017-இல் பிளிங்க்கையும் 2018-இல் ரிங்கையும் வாங்கியது.

மின்சாரக் கணக்கு

மின் இணைப்புள்ள சிசிடிவி கேமரா 24 மணி நேரமும் படமெடுக்கும். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறியிருக்கும் இடத்தை அசைவு என்று கொள்ளும். பேட்டரிக் கேமராவுக்கு இம்முறை கட்டுப்படியாகாது. ஏஏ அளவுள்ள 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு சுமார் 3,000 மில்லி ஆம்பியர்-மணி. அப்படிப்பட்ட இரண்டில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 9 வாட்-மணி. படமெடுத்து, சுருக்கி, வைஃபையில் அனுப்பும் கேமரா 1 வாட் இழுப்பதாகக் கொண்டால், 9 மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும்.

அதே இரண்டு பேட்டரிகள் 2 ஆண்டுகள் வர வேண்டுமானால், 17,520 மணி நேரத்துக்கு அந்த 9 வாட்-மணியைப் பங்கிட வேண்டும். அப்போது சராசரிச் செலவு அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். உறக்க நிலையில் ஆகும் செலவை விட்டுவிட்டாலும், நாளொன்றுக்கு முக்கால் நிமிடம்கூட அக்கேமரா விழித்திருக்க முடியாது. பிஐஆர் உணரியோ சில மைக்ரோ ஆம்பியர் முதல் சில பத்து மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தில் இரவு பகலாக விழித்திருக்கும். அதனால்தான் காவல் உணரிக்கும் படப்பிடிப்பு கேமராவுக்கும் என வேலை பிரிக்கப்பட்டது.

உணரி செயற்படும் விதம்

சில படிகங்களிலும் பீங்கான் பொருள்களிலும் வெப்பநிலை மாறும்போது மின்னூட்டம் தோன்றும். இந்தப் பண்புக்கு 1824-இல் ‘பைரோமின் விளைவு’ என்று பெயரிட்டவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர். லித்தியம் டான்டலேட் படிகம் இதற்குப் பயன்படும் பொருள்களில் ஒன்று. மனிதத் தோலின் மேற்பரப்பு வழக்கமாக 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். அது உமிழும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், சுமார் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சத்தை எட்டும். உணரியின் முகப்பிலுள்ள வடிகட்டி இந்த நெடுக்கத்தை உள்ளே விட்டு, சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் தடுக்கிறது.

உணரிக்குள் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு சூடானால் குறிப்பலை எழாது. சூடான உருவம் ஒன்றைக் கடந்து மற்றொன்றின் பார்வைக்குள் போகும்போதுதான் எழும். கேமராவின் முகப்பில் வெள்ளையாகப் புடைத்துத் தெரியும் பிளாஸ்டிக் மூடிதான் இதன் வில்லை. 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரான்சின் அகஸ்டின் ஃபிரெனெல் உருவாக்கிய வில்லையின் சிறு வடிவம் அது. அகச்சிவப்புக் கதிர் ஊடுருவும் பாலிஎத்திலீனால் ஆனது. எதிரேயுள்ள வெளியைப் பல குறுகிய மண்டலங்களாக அது பிரிக்கிறது. உணரிக்கு உருவமோ முகமோ தெரியாது. மண்டலத்துக்கு மண்டலம் வெப்பம் மாறியதா என்பது மட்டுமே தெரியும்.

தவறவிடும் சூழல்கள்

நடக்கும் திசை: கேமராவின் பார்வையைக் குறுக்கே கடப்பவர் பல மண்டலங்களை அடுத்தடுத்து வெட்டிச் செல்வார். நேராகக் கேமராவை நோக்கி வருபவர் நெடுநேரம் ஒரே மண்டலத்துக்குள்ளேயே இருப்பார். கேட்டைத் திறந்து நேரே வாசலுக்கு வருபவர், கதவுக்கு மேலே மாட்டிய கேமராவில் பிந்திப் பதிவாவது இதனால்தான்.

வெப்ப வேறுபாடு: உடலுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் உணரிக்குக் குறிப்பு. பின்னாலுள்ள சுவரும் தரையும் 33, 34 டிகிரியில் இருந்தால் ஆள் ஏறக்குறைய மறைந்துபோவார். கோடையில் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் வெளிச்சுவர்கள் காலையில் சூடேறும்போது ஒரு முறையும், மாலையிலோ இரவிலோ ஆறும்போது மறுமுறையும் இந்த நிலையைக் கடக்கும். உச்சிவெயிலில் சுவர் உடலைவிட வெகுவாகச் சூடாகிவிட்டால், ஆள் குளிர்ந்த உருவமாகத் தெரிவார். உணரி அதையும் அசைவாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே, கடும் வெயிலைவிட வெப்பம் சமமாகும் நேரமே சிக்கலானது. உடல் முழுவதையும் மூடும் மழைக்கோட்டும் வெப்பத்தை மறைத்து உணரியை ஏமாற்றும்.

கண்ணாடி: சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்த அலைநீளக் கதிரை விடாது. வீட்டுக்குள் சன்னலோரம் வைத்துத் தெருவை நோக்கித் திருப்பிய பிஐஆர் கேமராவில் நேரலைப் படம் தெளிவாகத் தெரியும், அசைவுப் பதிவு மட்டும் நிகழாது.

இடைவெளி: ஒரு பதிவு முடிந்ததும், பேட்டரியைக் காக்க, அடுத்த பதிவுக்கு முன் சில வினாடி முதல் சில நிமிடம் வரை கேமரா ஓய்வெடுக்கும். நீளத்தைச் செயலியில் மாற்றலாம். முதலில் வந்தவர் பதிவாகி, அவர் பின்னாலேயே வந்தவர் பதிவாகாமல் போவதற்கு இந்த ஓய்வு காரணமாகலாம்.

பொய் எச்சரிக்கைகள்

வெயில் பட்ட மரக்கிளை காற்றில் ஆடுவது, மேகம் விலகித் தரையில் வெயிலும் நிழலும் மாறுவது, ஓடி வந்து நிற்கும் வண்டியின் சூடான பானெட், ஏசி அவுட்டோர் யூனிட் ஊதும் வெப்பக் காற்று ஆகியவை வழக்கமான காரணங்கள். நாயும் பூனையும் மனிதரைப் போலவே வெப்பமுள்ளவை. சிறிய உயிராயினும் மூடிக்கு மிக அருகில் ஊர்ந்தால் பல மண்டலங்களை ஒரே வீச்சில் மறைக்கும். கேமராவின் மேலேயே ஓடும் பல்லி எச்சரிக்கை எழுப்புவது அப்படித்தான்.

பல கேமராக்களில் மென்பொருள் படத்தை ஆராய்ந்து மனிதர், வாகனம், விலங்கு எனப் பிரிக்கிறது. சில நிறுவனங்கள் இதை மாதச் சந்தா கட்டுவோருக்கே தருகின்றன. இதனால் கைப்பேசிக்கு வரும் தேவையற்ற அறிவிப்புகள் குறையும். ஆனால் உணரி எழுப்பிக் கேமரா விழித்த பிறகே இந்த ஆய்வு நடக்கிறது. அறிவிப்பு வராவிட்டாலும் பேட்டரி செலவாகிவிட்டிருக்கும்.

தாமதப் பதிவு

உணரி எழுப்பியதும் செயலகச் சில்லு விழித்து, படவுணரி ஒளியளவைச் சரிசெய்துகொண்டு, பதிவைத் தொடங்க வேண்டும். மாதிரியைப் பொறுத்து இதற்கு ஒரு வினாடிக்குக் குறைவாகவோ இரண்டு வினாடிகள் வரையோ ஆகலாம். வினாடிக்கு 1.3 மீட்டர் நடப்பவர் 2 வினாடியில் 2.6 மீட்டர் கடந்துவிடுவார். கேட்டுக்கும் வாசற்படிக்கும் 3 மீட்டரே உள்ள வீட்டில், பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பும் கூரியர்காரரின் முதுகு மட்டும் பதிவாவது இதனால்தான். இந்த இடைவெளியை நிரப்ப, அசைவுக்கு முந்தைய வினாடிகளையும் சேமிக்கும் வசதி பின்னர் வந்தது. ரிங் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ‘வீடியோ டோர்பெல் 3 பிளஸ்’ முந்தைய 4 வினாடிகளைக் கருப்பு வெள்ளையில், குறைந்த தெளிவில் சேர்த்துத் தந்தது.

அறிவிப்பு கைப்பேசிக்குப் பிந்தி வருவது வேறு சிக்கல். கெட்டியான காங்கிரீட் சுவர்கள் வைஃபை அலையை வலுவிழக்கச் செய்கின்றன. பதிவு நேரத்துக்கு நடந்திருந்தாலும் அறிவிப்பு தாமதமாகும்.

இரவுக் காட்சி

இரவில் கேமராவே வீசும் அகச்சிவப்பு ஒளியும் பிஐஆர் உணரும் வெப்பக் கதிரும் ஒன்றல்ல. விளக்கின் அலைநீளம் 850 அல்லது 940 நானோமீட்டர். உடல் வெப்பக் கதிரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு குறுகியது. விளக்கு எட்டாத இருட்டிலும் உணரி ஆளைக் கண்டுபிடிக்கக்கூடும். பதிவில் வெறும் இருட்டே இருக்கும். பக்கத்துச் சுவரோ முகப்பில் கட்டிய சிலந்திவலையோ விளக்கொளியைத் திருப்பி அடித்தால் படம் வெளுத்து, தொலைவிலுள்ள உருவம் மங்கும்.

பொருத்துதலும் சோதனையும்

பல மாதிரிகளுக்கு 2 முதல் 3 மீட்டர் உயரமும் சற்றே கீழ்நோக்கிய சாய்வும் பொருந்தும். வழக்கமான உணர்தொலைவு 6 முதல் 9 மீட்டர். வருபவர் பார்வையைக் குறுக்கே கடக்கும்படி, நடைபாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுவது மற்ற எந்த மாற்றத்தையும்விட அதிகப் பலன் தரும். தெரு, ஏசி வெளிக்காற்று, நேர் வெயில் ஆகியவை பார்வையில் படாதிருப்பது நல்லது. செயலியில் படத்தின் ஒரு பகுதியை ஒதுக்கும் வசதி உண்டு. ஆனால், பல மாதிரிகளில் அது விழித்த பின் படத்தை வடிகட்டுவதே. உணரியின் பார்வையை மறைப்பதில்லை.

மாட்டிய பின், ஒருவர் பல திசைகளிலும் நடந்து பார்க்கும் சோதனை அவசியம். காலை, மாலை, இரவு என வெவ்வேறு நேரங்களில் செய்தால்தான் வெப்ப வேறுபாட்டின் விளைவு தெரியவரும். உணர்திறனைக் கூட்டினால் தவறவிடுதல் குறைந்து பொய் எச்சரிக்கை பெருகும்; குறைத்தால் நேர்மாறாகும். பனிநாடுகளில் இன்னொரு வரம்பும் உண்டு: லித்தியம் அயனி பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றக் கூடாது.

மாற்று முறைகள்

ரேடார் உணரி, வெப்ப வேறுபாட்டை நம்பாமல் தூரத்தையும் நகர்வையும் அளக்கிறது. ரிங் நிறுவனம் 2021-இல் ரேடாருடன் வெளியிட்ட ‘வீடியோ டோர்பெல் புரோ 2’ மின் இணைப்பு தேவைப்படும் கருவி. சூரியத்தகடு இணைத்தால் பேட்டரிக் கேமராவை அடிக்கடி விழிக்கவிடலாம். அப்போதும் எழுப்பும் வேலை உணரியுடையதே.

யாரோ வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் வீட்டுக்குப் பேட்டரிக் கேமரா போதும். கடை, கிடங்கு, பணப்பெட்டி அறை என ஒரு நிமிடமும் விடுபடாத பதிவு வேண்டிய இடத்துக்கு மின் இணைப்புள்ள கேமராவே ஏற்றது.