துருக்கித் தொப்பியும் பத்தாவது உறுப்புரையும்

எங்கள் பாடசாலையில் குடியுரிமைக் கல்வி படிப்பித்த ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனபோது, தரம் 11இன் அந்தப் பாடம் ஒரு தவணைக்கு என் தலையில் விழுந்தது. நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவள். யாப்பும் இலக்கணமும் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். யாப்பு என்பதற்கு அரசியலமைப்பு என்றொரு பொருளும் இருப்பதைப் படிப்பிக்க வேண்டி வரும் என்று நினைத்திருக்கவில்லை.

மனித உரிமைகள் அலகுக்கு வந்தோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையைக் கரும்பலகையில் எழுதினேன். சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றுக்கான சுதந்திரம் ஆளொவ்வொருவருக்கும் உண்டு என்பது அதன் சாரம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு வரும் என்று தெரிந்தால் எதையும் எழுதிக்கொள்ளும் பிள்ளைகள். பின்வாங்கிலிலிருந்து ஒருவன் மட்டும் எழுதாமல் கேட்டான்: "டீச்சர், கொழும்பில மௌத்தான எங்கட மூத்தம்மாவ எரிச்சாங்க. அப்ப இந்தப் பத்தாவது உறுப்புரை எங்க போன?"

வகுப்பு அமைதியானது. மணியடித்தது என்னைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றிரவு பாடநூலைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். உரிமைகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பாதுகாக்கும் நிறுவனங்களும் வரிசையாக இருந்தன. அவை வேலை செய்த கதையும் இல்லை, வேலை செய்யாமற்போன கதையும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை கேட்பது அந்தக் கதையைத்தான். ஆகவே அடுத்த பாடவேளைக்கு நான் பாடநூலைக் கொண்டுபோகவில்லை. 1905ஆம் ஆண்டுக்குப் போனோம்.

அந்த ஆண்டு எம். சீ. அப்துல் காதர் என்ற முஸ்லிம் அப்புக்காத்து, துருக்கித் தொப்பி அணிந்தபடி உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசராக இருந்தவர் சேர் சார்ல்ஸ் பீட்டர் லேயாட். தொப்பியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஐரோப்பியன் மரியாதைக்குத் தலையைத் திறக்கிறான், கீழைத்தேயத்தவன் காலைத் திறக்கிறான், இரண்டில் ஒன்றையாவது செய் என்பதே அதன் தர்க்கம். அப்துல் காதர் இரண்டையும் மறுத்தார்.

தொப்பியின் பின்னணியையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883இல் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்தார்; 1901 வரை இருந்தார். அவரும் அவருடைய தோழர்களும் அணிந்த சிவந்த தொப்பி எங்கள் படித்தவர்களின் தலைக்கு ஏறிய காலம் அது. 1892இல் மருதானையில் தொடங்கிப் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவும் அதே விழிப்பின் பிள்ளைதான். ஆக, 1905இல் அது வெறும் தொப்பியல்ல. படித்து நீதிமன்றப் படியேறிய ஒரு சமூகம், தன் முகத்தோடேயே உள்ளே வருவேன் என்று சொன்னதன் அடையாளம்.

"தொப்பி போடுறது பர்ளா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. பர்ளு அல்ல. துருக்கித் தொப்பிதான் வேண்டும் என்று எந்த ஆலிமும் பத்வாக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. அன்றைய முஸ்லிம்கள் அதைக் கண்ணியத்தின் விடயமாகப் பார்த்தார்கள். ஓர் உரிமையைக் கேட்பதற்கு அது மார்க்கத்தில் கட்டாயக் கடமை என்று முதலில் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதை எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் கற்றுக்கொள்ளலாம். பெரியவர்கள் சிலரும் கற்றுக்கொள்ளலாம்.

பிறகு நடந்தது இதுதான். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் முன்னின்று குழு அமைத்தார்கள். மனுக்கள் எழுதப்பட்டன. 1905 டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் முற்றத்தில் பெருங்கூட்டம் கூடியது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் என்ற சட்ட அறிஞர் வந்து அதில் பேசினார். ஒரு கல்லும் எறியப்படாமல் தடை பின்னர் நீக்கப்பட்டது. முஸ்லிம் சட்டத்தரணி தொப்பியோடு நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது.

1905இல் எங்களிடம் 10ஆம் உறுப்புரை இல்லை. அடிப்படை உரிமை அத்தியாயம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையே இல்லை. வாக்குரிமைகூட ஒரு சிறுபான்மையான படித்தவர்களுக்கும் கிடைக்காத காலம். ஆனால் வென்றார்கள். எழுத்தில் எதுவுமில்லாமல் வென்றதும், எழுத்தில் எல்லாம் இருந்தும் 2020இல் தோற்றதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை என்று வகுப்பில் சொன்னேன். அந்தப் பையன் அப்போதும் எழுதவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் எங்கள் பெருமை பேசியதாகத்தான் முடியும். எனவே 1948க்கும் போனோம். 1948 டிசம்பர் 10இல் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் வெளியானது. ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் காலைக் கூட்டத்தில் பேச்சுப் போட்டி வைக்கிறோம். அதற்கு 25 நாட்கள் முன்பு, நவம்பர் 15இல், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த நாட்டில் அமுலுக்கு வந்தது. மலையகத்தில் தேயிலைக்கும் றப்பருக்கும் உழைத்த இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தத்தோடு வாக்கும் போயிற்று.

அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்றொரு பிரிவு இருந்தது. ஏனைய சமூகத்தவர்கள் மீது சுமத்தாத தடையை ஒரு சமூகத்தின் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்றது அது. சிறுபான்மையினரின் காப்புறுதி என்று எல்லோரும் நம்பிய பிரிவு. கோடக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டு வழக்காடினார். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1953இல் தீர்ப்பு வந்தது: பிரசாவுரிமைச் சட்டம் 29(2)ஐ மீறவில்லை. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இருக்கவில்லைதானே! பெயர் சொல்லாமலே ஒரு சமூகத்தைத் தாக்க முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. 2020இன் வர்த்தமானியிலும் முஸ்லிம் என்ற சொல் இருக்கவில்லை.

பிரசாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ரி. பி. ஜாயாவும் இருந்தார். எங்கள் கல்வி வரலாற்றில் அவருக்குரிய இடம் பெரியது. அதற்காக இந்த வரியை விட்டுவிட்டு நான் படிப்பிப்பதில்லை. அடுத்தவனுடைய உரிமை போகும்போது நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று கேட்காத வகுப்பறையில் மனித உரிமை என்ற பாடம் சமூக முறைப்பாட்டுப் புத்தகமாகத்தான் மிஞ்சும்.

இனி 1978இன் அரசியலமைப்பு. 10ஆம் உறுப்புரை தரும் சுதந்திரத்தை அரசு மட்டுப்படுத்த முடியாது. 11ஆம் உறுப்புரையின் சித்திரவதைத் தடையும் அப்படித்தான். ஆனால் மதத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிக்காட்டும் சுதந்திரம் 14(1)(உ) என்ற வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை 15(7)இன் கீழ் தேசிய பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம் போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். அதாவது நெஞ்சுக்குள் இருக்கும் ஈமானை எவராலும் தொட முடியாது. கைகால் அசைந்து செய்கிற அமலைத் தொடலாம், காரணம் சரியாக இருந்தால். "காரணம் சரியா எண்டு ஆரு பாக்கிற?" என்றாள் அதே பிள்ளை. அங்கேதான் 126ஆம் உறுப்புரை வருகிறது: உயர் நீதிமன்றம் பார்க்கும்; மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரு மாதக் கணக்கை எத்தனை படித்தவர்கள் அறிவார்கள்? ஆசிரியர் ஓய்வறையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அந்தத் தவணைக்கு முன் தெரியாது.

126க்கு இன்னுமோர் எல்லை உண்டு. அது அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டுமே பாயும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டைப் பூட்டிய மனிதர் எந்த நீதிமன்றத்தில் அதைப் போட்டிருப்பார்? புத்தளத்து முகாம்களில் வளர்ந்த தலைமுறை அதற்கு விடை தேடித் தேடியே வயதாகிவிட்டது.

இப்போது அந்தப் பையனின் கேள்வி. 2020 மார்ச் இறுதியில் கொவிட்டினால் இறந்த முதலாவது முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இன் வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. குடும்பங்கள் உயர் நீதிமன்றம் போயின. முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் மனுதாரர்களாக நின்றார்கள். டிசம்பர் 1ஆம் திகதி மூன்று நீதியரசர் அமர்வு, இருவரின் பெரும்பான்மையால், மனுக்களை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. காரணம் சொல்லப்படவில்லை. 15(7)இன் காரணம் சரியா என்று பார்க்க வேண்டிய இடத்திலேயே கதவு சாத்தப்பட்டது.

எட்டு நாட்களில் இருபது நாள் கைக்குழந்தை ஒன்று, பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் வகுப்பில் ஆறுதலாகச் சொன்னேன். பொரளை மையானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். எல்லா இனத்தவரும் வந்து கட்டினார்கள். அதிகாரிகள் அவிழ்த்தார்கள், வேறு ஊர்களின் வேலிகளில் துணி முளைத்தது. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு, அடக்குவதையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியது. பாகிஸ்தான் பிரதமர் வந்து போனார். 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி மாறியது. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். தங்கள் நிலத்துக்காக வருடக்கணக்கில் போராடித் திரும்பிய அந்தத் தீவு மக்கள் எதிர்த்தார்கள். அவர்களை எங்களோடு மோதவிடுவதற்கான இடமாக அதை நான் இன்றும் நினைக்கிறேன். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள். அவற்றில் முஸ்லிமல்லாதவர்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

"அப்ப கோர்ட்டால பிரயோசனம் இல்லையா டீச்சர்?" அப்படியும் இல்லை. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் உடுத்த சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்றார்கள். கைதுக்குப் பயன்படுத்திய சட்டம் எது தெரியுமா? சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்கு இங்கு உயிர்கொடுக்க 2007இல் ஆக்கிய 56ஆம் இலக்கச் சட்டம். உரிமையைக் காக்கப் பிறந்த சட்டமே விலங்கானது. அவர் 126இன் கீழ் மனுப்போட்டார். 2023இல் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே கதவு, ஒருமுறை சாத்தியது, ஒருமுறை திறந்தது. தட்டியவர்கள் இரண்டு முறையும் இருந்தார்கள்.

தவணைக் கடைசியில் கட்டுரைக்குப் பதிலாக ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு எழுதச் சொன்னேன். என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்த அதிகாரி, யார் கண்டது, எந்த உறுப்புரை. உணர்ச்சி வேண்டாம், திகதி வேண்டும் என்றேன். தமிழ் டீச்சரிடமிருந்து இப்படியொரு அறிவுறுத்தலைப் பிள்ளைகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலானோர் கற்பனைச் சம்பவம் எழுதினார்கள். ஹிஜாபைக் கழற்றச் சொன்ன பரீட்சை மண்டபம் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களில் வந்தது. அது முழுக்கக் கற்பனை என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்வாங்கில் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். மூத்தம்மாவின் பெயர், வயது, ஆஸ்பத்திரியில் அனுமதித்த நாள், மௌத்தான நேரம், வாப்பாவுக்குத் தொலைபேசி வந்த நேரம், சாம்பல் வேண்டுமா என்று கேட்ட கேள்வி. உறுப்புரைகள் 10, 12(1), 14(1)(உ). எல்லாம் சரியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கழித்தல் கணக்கு. மாதங்களை நாட்களாக மாற்றி, முப்பதைக் கழித்து, மிச்சத்துக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தான்.

"காலம் பிந்திட்டு டீச்சர்" என்றான், தாளை நீட்டும்போது. "ஆனா எழுதியிருக்கன்."

புள்ளி போட மனம் வரவில்லை. தாளை வாங்கி, திகதியிட்டு, கோவையில் வைத்தேன்.