இரண்டு பெட்டிகள்

தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்த நாட்களில், தியாகராய நகரில் ஒரு மாடியறைப் பயிற்சி வகுப்பில் விஷுவல் பேசிக் கற்றேன். 1998-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு. தமிழ் படித்தவனுக்கு வேலை கிடைக்காது என்ற வீட்டாரின் அச்சத்துக்கு நான் செலுத்திய கட்டணம் அது.

முதல் பயிற்சி வெப்பநிலை மாற்றி. திரையில் இரு பெட்டிகள்: செல்சியஸ் ஒன்று, பாரன்ஹீட் ஒன்று. எதில் எழுதினாலும் மற்றது தானே மாறவேண்டும். இதன் மாற்றம் அதைத் திருத்தவும், அதன் மாற்றம் இதைத் திருத்தவும் நிரல் எழுதினேன். விடைகளை முழு எண்ணாக்கினேன். பாரன்ஹீட்டில் 98 இட்டதும் 36.67 என்பது 37 ஆயிற்று. 37 திரும்பிவந்து 98.6 ஆகி, என் கண்ணெதிரே 98 அழிந்து 99 நின்றது. நான் எழுதியதை இயந்திரம் மறுத்துவிட்டது! ஒன்றையொன்று மாற்றும் இரு உரைப்பெட்டிகளை அமைக்காதீர் என்று மைக்ரோசாஃப்ட் கையேடே எச்சரித்திருந்ததைப் பின்னரே படித்தேன். பெட்டி திருத்தப்படும்போது காதைப் பொத்திக்கொள்ளச் செய்யும் ஓர் ஆம்-இல்லை மாறியைச் சேர்த்துத் தப்பித்தோம்.

இச்சிக்கல் அப்போதே பழையது. 1963-இல் ஐவன் சதர்லாண்டின் ஸ்கெட்ச்பேட், இக்கோடுகள் இணையாக இருக்கட்டும் என்றால் அவ்வுறவைத் தானே காத்தது. 1979-இல் ஆலன் போர்னிங்கின் திங்லேப், இதே செல்சியஸ்-பாரன்ஹீட் உறவை ஒருமுறை அறிவித்தால் இருதிசையிலும் நிறைவேற்றியது. அக்காலத்தில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்த நார்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக் வேறு வழி சொன்னார்: தரவு ஓரிடத்தில் இருக்கட்டும், பெட்டிகள் அதன் தோற்றங்கள் மட்டுமே. பெட்டிகள் தம்முள் பேசவே வேண்டியதில்லை. முழு எண்ணாக்குவதும் தோற்றத்தோடு நின்றுவிடும். 1991-இல் வந்த விஷுவல் பேசிக், சன்னலை வரையும் வித்தையை எல்லாருக்கும் தந்தது. உறவைச் சொல்லும் வித்தையைத் தரவில்லை என்பது என் மனத்தாங்கல்.

பின்னாளில் திருவள்ளுவர் ஆண்டுக்கு இப்படியொன்று செய்தபோதுதான் ரீன்ஸ்காக் எனக்கு முழுதாக விளங்கினார். 31 கூட்டினால் போதும் என்பர். ஆனால் 2000 சனவரி 5, தைக்கு முந்தியதாதலால் 2030. சனவரி 20-க்கோ 2031. திரும்பும்போது 2031 என்பது 2000-ஆகவும் இருக்கலாம், 2001 சனவரியின் முற்பகுதியாகவும் இருக்கலாம். இரண்டு ஆண்டுப் பெட்டிகளை எத்தனை சாமர்த்தியமாகப் பிணைத்தாலும் இது தீராது. பின்னால் ஒரு முழுத் தேதியை வைத்து, இரண்டையும் அதைப் பார்த்தே எழுதச் செய்தேன்.