புனே குன்றுகளில் காடு மீட்பு

மகாராட்டிர மாநிலம் புனே நகருக்குள்ளும் அதன் விளிம்பிலும் உள்ள குன்றுகளில் அயல் தாவரங்களை அகற்றி, அந்த மண்ணுக்குரிய மரங்களையும் புல்லையும் மீட்கும் பணி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரமுள்ள வேதாள் டேக்டி, தள்ஜாய், வார்ஜே ஆகியவை குறிப்பிடத்தக்க இடங்கள்.

இக்குன்றுகள் எரிமலைப் பாறைமேல் மெல்லிய மண் படிந்தவை. மழை பெரும்பாலும் சூன் முதல் செப்டம்பர் வரைதான். குங்கிலியம், ஒதியன், வெக்காலி, ஆத்தி, புரசு போன்ற இலையுதிர் மரங்கள் புல்லுக்கிடையே விலகி விலகி வளர்வதே இங்கு இயல்பு. மொட்டைக் குன்றை விரைவில் பசுமையாக்க வனத்துறை கிளைரிசிடியாவைப் பெருமளவில் நட்டது. நடு அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரத்தின் கொம்பை ஊன்றினாலே வேர்விடும். வறண்ட மண்ணிலும் தழைக்கும். தமிழ்நாட்டு உழவர் தழையுரத்துக்காக வரப்பில் வளர்ப்பதும் இதைத்தான். வரப்பில் நன்மை செய்யும் மரம் குன்றில் கேடாயிற்று. மழைக்காலத்தில் அடர்ந்து நிழல் கவிப்பதால் கீழே புல்லும் கிழங்குச் செடிகளும் நலிகின்றன. கூடவே உண்ணிச்செடியும் புதராக மண்டுகிறது.

அகற்றுவதுதான் கடினம். வெட்டிய கிளைரிசிடியா அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆண்டுதோறும் திரும்பிவந்து வெட்ட வேண்டும். உண்ணிச்செடிக்கு, தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழு உருவாக்கிய முறை உண்டு: தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டிப் பெயர்த்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெட்டினால் சரிவு மண் மழையில் கரையும் என்பதால் பகுதி பகுதியாகச் செய்வதே தகும். கன்றுகளை முதல் மழையோடு நட்டு, பின்வரும் கோடைகளில் தண்ணீர் ஊற்றி, காய்ந்த புல்லில் தீ பரவாமல் காக்க வேண்டும்.

வார்ஜேயில் ஆக்கிரமிப்புக்கும் குப்பைக்கும் இடமாயிருந்த 16.8 ஹெக்டேர் வனநிலத்தில் 2015 முதல் வனத்துறை, மாநகராட்சி, டெர்ரே என்ற தன்னார்வ அமைப்பு ஆகியவை இணைந்து காடு வளர்த்தன. 2020 சூன் 5 அன்று, 200 நகரங்களில் நகர்க்காடு அமைக்கும் திட்டத்தை நடுவண் அரசு அறிவித்தபோது இதையே முன்மாதிரியாகக் காட்டியது.

மேற்கு மகாராட்டிரத்தின் புல்வெளிகள் காடழிந்து உண்டானவை அல்ல, தொன்மையானவை என்று 13ஆம் நூற்றாண்டு முதலான மராத்தி நூல்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2025இல் காட்டினர். ஆகவே நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இப்பணியை அளப்பது தவறு. புல்லுக்குரிய சரிவுகளில் மரம் நடாமல் விடுவதும் இதன் பகுதியே.