வின்சென்ஸ் என்னும் போர்க்கப்பல்

ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் குரூசராகிய வின்சென்ஸ் 1985ஆம் ஆண்டு சேவைக்கு வந்தது. பல இலக்குகளை ஒருங்கே தொடரவல்ல ஏஜிஸ் என்னும் தொகுதியே அதன் தனிச்சிறப்பாம்.

ஈரான், ஈராக் போர்க்காலத்தில், 1988 யூலை 3ஆந் திகதி, ஓர்மூஸ் நீரிணையருகே ஈரானியப் படகுகளோடு பொருதுகையில், பந்தர் அப்பாசிலிருந்து டுபாய் நோக்கிய ஈரானியப் பயணிகள் விமானத்தைப் போர்விமானமெனப் பிறழவுணர்ந்து அக்கப்பல் வீழ்த்திற்று. விமானம் மேலெழுவதாகவே கருவி பதிவு செய்திருந்தது. தாழ்ந்து வருவதாகவே கப்பலினர் சிலர் உரைத்தனர். விமானம் புறப்பட்ட ஏறத்தாழ 7 நிமிடங்களில் 290 உயிர்கள் மாண்டன.

1996இல் மாண்டோர் குடும்பங்களுக்கென 6 கோடியே 18 இலட்சம் டொலர் வழங்க அமெரிக்கா இசைந்தது. 2005இல் கப்பல் சேவையினின்றும் நீங்கியது. இருபதாண்டுச் சேவையுள் வரலாறு மறவாதது அவ்வேழு நிமிடங்களையே. கருவி நுண்மையுறுந்தோறும் அதனை ஆள்வோர் பொறுப்பும் பெருகுமென்பது இதனாற் பெறப்படும்.