அவசரக் கருத்தடை மாத்திரை: விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

சனிக்கிழமை இரவு 11 மணி. ஆணுறை கிழிந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரிய வருகிறது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். இளைய பிள்ளைக்கு இன்னும் ஒரு வயதுகூட நிரம்பவில்லை. “திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் போய்க் கேட்போம்” என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்கிறார்கள்.

நம்மில் பலர் எடுக்கக்கூடிய முடிவுதான் இது. ஆனால், திங்கட்கிழமை காலை 9 மணி ஆகும்போது 34 மணி நேரம் கடந்திருக்கும். அவசரக் கருத்தடை மாத்திரையைப் பொறுத்தவரை அந்த 34 மணி நேரம் மிகப் பெரிய இழப்பு. வெட்கம், பயம், “யாராவது பார்த்துவிட்டால்?” என்ற தயக்கம் எல்லாம் சேர்ந்து இந்த நேரத்தைத் தின்றுவிடுகின்றன. மாத்திரை எப்படி வேலை செய்கிறது, மலேசியாவில் எங்கே கிடைக்கும், யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

எப்போது தேவைப்படும்?

பாதுகாப்பின்றி உறவு கொண்டபோது மட்டுமல்ல, வேறு பல சூழ்நிலைகளிலும் இது தேவைப்படலாம். ஆணுறை கிழிந்திருக்கலாம், நழுவியிருக்கலாம். தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரையை இரண்டு மூன்று நாள் மறந்திருக்கலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசிக்குப் பல வாரம் பிந்தியிருக்கலாம். கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் முறை தவறியிருக்கலாம். விருப்பத்திற்கு மாறாக உறவுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம்.

மாத்திரை என்ன செய்கிறது?

ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். சூலகத்திலிருந்து வெளிவரும் கருமுட்டைக்கோ ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதனால் உறவு கொண்ட அதே நிமிடத்தில் கரு உருவாகிவிடுவதில்லை. பல நேரங்களில் விந்தணுக்கள் காத்திருக்கின்றன. முட்டை வந்த பிறகே கரு உருவாகிறது.

இந்த இடைவெளியில்தான் மாத்திரை வேலை செய்கிறது. முட்டை வெளிவருவதைச் சில நாள் தள்ளிப்போடுகிறது. முட்டை வரும்போது விந்தணுக்கள் அழிந்துபோயிருக்கும். ஆனால், முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் மாத்திரையால் பெரிய பயன் இல்லை. தாமதிக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். உங்கள் உடலில் முட்டை எப்போது வெளிவரும் என்பதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. நாளையே வரலாம்.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. ஏற்கெனவே கரு தரித்திருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. கருவில் இருக்கும் குழந்தைக்கு இதனால் ஊனம் ஏற்படும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

மூன்று வழிகள்

முதலாவது, லெவோநோர்ஜெஸ்ட்ரல் மாத்திரை. நம் நாட்டு பார்மசிகளில் பரவலாகக் கிடைப்பது இதுதான். மொத்த அளவு 1.5 மில்லிகிராம். எஸ்காப்பெல் என்ற பெயரில் ஒரே மாத்திரையாகவும், போஸ்டினோர் 2 என்ற பெயரில் 0.75 மில்லிகிராம் கொண்ட இரண்டு மாத்திரைகளாகவும் வருகிறது. இரண்டு மாத்திரை உள்ள பெட்டியில் ‘12 மணி நேர இடைவெளி’ என்று எழுதியிருக்கலாம். ஆனால், இரண்டையும் ஒன்றாக விழுங்கினாலும் பலன் குறைவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2002-இல் உறுதி செய்தது. ஒன்றாகவே விழுங்கிவிட்டால் இரண்டாவது மாத்திரையை மறந்துவிடும் அபாயம் இல்லை.

இதை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். ஆனால், 72 மணி நேரமும் பலன் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1998-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடம், ஏற்பட்டிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 விழுக்காடு தடுக்கப்பட்டது. 25 முதல் 48 மணி நேரத்தில் அது 85 விழுக்காடாகவும், 49 முதல் 72 மணி நேரத்தில் 58 விழுக்காடாகவும் குறைந்தது. தொடக்கத்தில் சொன்ன தம்பதியர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பார்மசிக்குப் போயிருந்தால் முதல் கணக்கில் வந்திருப்பார்கள்.

இரண்டாவது, யூலிப்ரிஸ்டால் 30 மில்லிகிராம் மாத்திரை. ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் வரை சாப்பிடலாம். முட்டை வெளிவரும் நேரம் நெருங்கிவிட்ட நிலையிலும் முதல் மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்யும். ஆனால், எல்லா இடங்களிலும் கிடைக்காது. மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கருப்பைக்குள் பொருத்தப்படும் செம்புக் கருவி. நம் ஊரில் பலரும் ‘காப்பர் டி’ என்பார்கள். ஐந்து நாளுக்குள் பொருத்தினால் 99 விழுக்காட்டிற்கும் மேல் பலன் தரும். மூன்றிலும் மிகச் சிறந்தது இதுதான். உடல் எடை இதன் பலனைப் பாதிக்காது. கருவியின் வகையைப் பொறுத்து பத்து ஆண்டுகள் வரை கருத்தடையாகத் தொடரவும் செய்யும். பயிற்சி பெற்ற மருத்துவரோ தாதியோ பொருத்த வேண்டும் என்பதால் பார்மசியில் கிடைக்காது. ஐந்து நாளுக்குள் நேரம் கிடைக்குமா என்பதை உடனே விசாரிக்க வேண்டும்.

மலேசியாவில் எங்கே கிடைக்கும்?

லெவோநோர்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு தேவையில்லை. ஆனால், பதிவு பெற்ற மருந்தாளரே அதைக் கொடுக்க வேண்டும். பார்மசி திறந்திருந்தும் மருந்தாளர் பணியில் இல்லையென்றால் கொடுக்க மாட்டார்கள். ஆகவே, புறப்படும் முன் தொலைபேசியில் அழைத்து மருந்தாளர் இருக்கிறாரா, மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இரவு நேரத்தில் திறந்திருக்கும் தனியார் கிளினிக்குகளிலும் கேட்கலாம்.

மலாயில் ‘பில் பெரன்சாங் கெசெமாசான்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் காதில் விழும் என்று தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அவர் உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளக்கூடும். அது மருந்து விற்பனைக்கான பதிவு மட்டுமே.

அவர் கேட்கக்கூடிய கேள்விகள் இவை: உறவு எப்போது நடந்தது? கடைசி மாதவிடாய் எப்போது வந்தது? அதற்குப் பிறகு வேறு நாள்களிலும் பாதுகாப்பின்றி உறவு நடந்ததா? வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா? இவற்றுக்கான பதிலைத் தயாராக வைத்திருங்கள். கணவர் மட்டும் கடைக்குப் போனால், மனைவியிடம் தொலைபேசியிலாவது பேச வேண்டும் என்று மருந்தாளர் கேட்கலாம்.

அரசாங்க சுகாதார கிளினிக்குகள், எல்பிபிகேஎன் எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகள், குடும்பநலச் சங்கங்களின் கிளினிக்குகள் ஆகியவற்றில் ஆலோசனை பெறலாம். காப்பர் டி பொருத்துவது பற்றியும் அங்கே கேட்கலாம்.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று வேலை செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே இந்த மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு தேவை. நேராக ஒரு கிளினிக்குக்குப் போவதே சரி.

இணையத்திலோ சமூக ஊடகத்திலோ முகம் தெரியாதவர்களிடம் வாங்காதீர்கள். பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தால், அல்லது உடல் எடைக் குறியீடு 26-ஐத் தாண்டினால் லெவோநோர்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம். எடையைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். இரட்டை அளவு, யூலிப்ரிஸ்டால், காப்பர் டி ஆகியவற்றில் எது பொருத்தம் என்று மருந்தாளர் அல்லது மருத்துவர் சொல்வார்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாசெபின் போன்ற மருந்துகள் மாத்திரையின் பலனைக் குறைக்கும். இவற்றைச் சாப்பிடுபவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் லெவோநோர்ஜெஸ்ட்ரல் சாப்பிடலாம். யூலிப்ரிஸ்டால் சாப்பிட்டால் ஒரு வாரத்திற்குத் தாய்ப்பாலைப் பிழிந்து ஊற்றிவிட வேண்டும் என்பது மருந்தின் குறிப்பு. ஆகவே, பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ள பெண்களும் ஒரே ஒருமுறை சாப்பிடும் லெவோநோர்ஜெஸ்ட்ரலைப் பயன்படுத்தலாம்.

சாப்பிட்ட பிறகு

குமட்டல், தலைவலி, சோர்வு, மார்பில் வலி, சிறிது இரத்தக் கசிவு ஆகியவை வரலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். மாத்திரை சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் உடனே மீண்டும் ஒரு மாத்திரை தேவைப்படும். மருந்தாளரைத் தொடர்பு கொள்ளுங்கள்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. மாத்திரை முட்டையைத் தள்ளிப்போடுகிறதே தவிர, வரவிடாமல் நிறுத்திவிடுவதில்லை. சில நாள் கழித்து முட்டை வெளிவரும். இடையில் மறுபடியும் பாதுகாப்பின்றி உறவு கொண்டால் கரு தரிக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறை பயன்படுத்துவது நல்லது. வழக்கமான கருத்தடை மாத்திரையை, லெவோநோர்ஜெஸ்ட்ரல் சாப்பிட்டவர்கள் உடனே தொடங்கலாம். யூலிப்ரிஸ்டால் சாப்பிட்டவர்கள் ஐந்து நாள் கழித்தே தொடங்க வேண்டும்.

மாதவிடாய் சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம். ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனால், அல்லது உறவு நடந்து மூன்று வாரம் ஆனதும், சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும்.

வீட்டு வைத்தியமும் வதந்தியும்

பப்பாளிக்காய், அன்னாசி, எள், கருப்பட்டி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இவை எதுவும் கரு உருவாவதைத் தடுக்காது. உறவுக்குப் பின் கழுவுவதாலோ, எழுந்து குதிப்பதாலோ பலன் இல்லை. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே உள்ளே சென்றுவிடும்.

“இதைச் சாப்பிட்டால் பிறகு பிள்ளையே பிறக்காது” என்பதும் உண்மையல்ல. மருந்து சில நாளில் உடலிலிருந்து நீங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சாப்பிட்டாலும் ஆபத்தில்லை. ஆனால், மாதாமாதம் இதையே நம்பியிருப்பது சரியல்ல. வழக்கமான கருத்தடை முறைகள் இதைவிட நம்பகமானவை. பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்த நேரத்திலும் செல்லலாம். அங்கே ‘ஓஎஸ்சிசி’ என்ற நெருக்கடி உதவிச் சேவை இருக்கிறது. அவசரக் கருத்தடையோடு, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய எச்ஐவி தடுப்பு மருந்து பற்றியும் அங்கே கேட்கலாம். சிகிச்சை பெறுவதற்கு முதலில் போலீசில் புகார் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிந்தால் குளிக்காமல், உடைகளைத் துவைக்காமல் செல்லுங்கள். தடயங்கள் அழியாமல் இருக்கும். குளித்துவிட்டிருந்தாலும் பரவாயில்லை, போங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணிலும் உதவி கேட்கலாம்.

16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடன் உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். சிறார் துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் மருத்துவர் புகார் செய்தாக வேண்டும். அதற்குப் பயந்து மகளை வீட்டிலேயே மறைத்து வைக்கும் பெற்றோர் முதலில் இழப்பது சிகிச்சைக்கான நேரத்தைத்தான். உங்கள் பிள்ளை வந்து சொன்னால், திட்டுவதை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சுருக்கமாக

எப்போது நடந்தது என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே பார்மசிக்கு அழையுங்கள். எடை, மற்ற மருந்துகள், தாய்ப்பால் பற்றிச் சொல்லுங்கள். 72 மணி நேரம் கடந்துவிட்டது என்று மனம் தளர வேண்டாம்; ஐந்து நாள் வரை வேறு வழிகள் உள்ளன. மூன்று வாரத்தில் பரிசோதனை செய்யுங்கள். பின்னர் ஒரு நாள் இருவருமாகச் சென்று, உங்களுக்கு ஒத்துவரும் நிரந்தரமான ஒரு கருத்தடை முறையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.