தமிழ் பயின்ற பிற நாட்டார்



வேற்று மொழியார் ஒருவர் நம் மொழியில் பேசக் கேட்டால் நமக்கு முதலில் தோன்றுவன இரண்டு. ஒன்று வியப்பு, மற்றொன்று சிரிப்பு. இவற்றினும் மேலான மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுவே திருத்தம். தமிழ் கற்ற அயல்நாட்டார் சிலர் புலவராய் உயர்ந்தமைக்கு நம் முன்னோர் செய்த திருத்தமே துணைநின்றது என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவ்வூர் அப்பொழுது டேனியர் வசம் இருந்தது. துறைமுகங்களில் ஐரோப்பியரோடு பழகப் போர்ச்சுகீசிய மொழியே வழங்கிவந்தது. உடன் வந்த புளூட்சோ அம்மொழியைக் கற்க, சீகன்பால்கு தமிழை மேற்கொண்டார். முதிய பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பயின்றார். சிறுவரோடு சமமாக அமரும் அப்பணிவே அவர் கல்விக்கு முதற்படி ஆயிற்று.

பின்னர், 1712 முதல் 1714 வரை, சமயத்தையும் வழக்கங்களையும் பற்றித் தமிழரிடம் வினவி, மடல்களாக விடை பெற்றார். விடை எழுதியோர் அவர் கூறியவற்றுக்கெல்லாம் தலையசைத்துவிடவில்லை. தம் நெறியை விளக்கினர், வாதிட்டனர். ஒருவரோடு வாதிடுவது, அவரை நம் மொழியறிந்த ஒருவராக மதிப்பதன் அடையாளம் அன்றோ?

அடுத்து, வீரமாமுனிவரைக் காண்போம். இத்தாலி நாட்டவராகிய இவருடைய இயற்பெயர் பெஸ்கி. தமிழ் கற்பார்க்கு உள்ள பெரிய இடர்ப்பாட்டை இவர் நன்கு உணர்ந்தார். பேசும் தமிழ் வேறு. நூல் எழுதும் தமிழ் வேறு. ஏட்டில் மட்டும் கற்றவர் கடைத்தெருவில் நின்று, "யான் அரிசி வேண்டினேன்" என்பார், கேட்போர் நகைப்பர். தெருவில் மட்டும் கற்றவர்க்கோ காப்பியத்தின் கதவு திறவாது. ஆதலின் அவர் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீன் மொழியில் இயற்றினார். முன்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

ஏடுகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் தம்முள் மயங்கிப் படிப்போரை வருத்தின. அவர் நெடில்களுக்கு வேறு வடிவம் வகுத்தார். இன்று நாம் 'கெடு', 'கேடு' என்று மயக்கமின்றி எழுதுகிறோம். நம்மிடம் கற்ற ஒருவர் நம் எழுத்தையே திருத்த, நாமும் அதனை ஏற்றுக்கொண்டோம். இதனினும் உயர்ந்த பாராட்டு வேறு எது?

ஜி. யு. போப் 1839-இல், 19 வயதில் தமிழகம் வந்தார். திருக்குறளை 1886-இலும், தம் 80-ஆம் வயதில், 1900-இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்கும், வீரமாமுனிவருக்கும், கால்டுவெல்லுக்கும் சிலைகள் எழுந்தன. நன்று. ஆனால் போப்புக்குத் தமிழ் கற்பித்த இராமாநுசக் கவிராயரின் பெயரை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்?

கற்பித்தவரெல்லாம் அயலாரின் கொள்கையை ஏற்றவரல்லர். யாழ்ப்பாணத்தில் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர்ச் சைவத்தைக் காக்கப் பாதிரிமாரின் பிரசாரத்தை எதிர்த்து எழுதினார். மொழியை வழங்குவதால் நம்முடையது எதுவும் குறைந்துவிடாது.

நான் வாழும் மாரண்டஹள்ளியின் பெயரிலேயே 'ஹள்ளி' என்னும் கன்னடச் சொல் உண்டு. தெலுங்கும் கன்னடமும் பேசும் இல்லங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பல்லாண்டு தமிழ் கற்பித்திருக்கிறேன். ழகரம் வாராத பிள்ளையைக் கண்டு வகுப்பு நகைத்தால், மறுநாள் அப்பிள்ளை வாய் திறவாது. பொறுமையோடு திருத்தினாலோ, ஆண்டு முடிவில் அதுவே மேடையேறிப் பேசும்.

இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் நம் கட்டடங்களிலும் உணவகங்களிலும் உழைக்கின்றனர். ஏடும் இல்லை, ஆசிரியரும் இல்லை, செவி ஒன்றையே துணையாகக் கொண்டு பலர் தமிழ் பேசுகின்றனர். ஐரோப்பியரின் தமிழுக்குச் சிலையும் இவர்களின் தமிழுக்குச் சிரிப்பும் என்பது நீதியாகுமா?

மாணவர்களே, அத்தகைய ஒருவர் தடுமாறி நம் மொழியில் வினவினால், நகையாதீர்கள். தமிழிலேயே, நிறுத்தி, தெளிவாக விடை கூறுங்கள். பிழை கண்டால், பிறர் கேளாவண்ணம் திருத்துங்கள். தரங்கம்பாடியில் ஒரு முதிய ஆசிரியர் செய்த பணி அதுவே. அதைச் செய்யப் பெரும் புலமை வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.