போர் முடிந்தது, காதல்? 'கடலுக்கு அப்பால்' நாவலைத் தெரியுமா?

பினாங்கில் நடக்கும் தமிழ்க் காதல் கதை ஒன்றைத் தேடுறீங்களா? ப. சிங்காரம் எழுதி 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' நாவலைப் படித்துப் பாருங்கள்.

யார் இந்தச் சிங்காரம்?

1920இல் தமிழ்நாட்டின் சிங்கம்புணரியில் பிறந்தவர். 18 வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குக் கப்பலேறினார். போர்க்காலத்தை நம் வட்டாரத்திலேயே பார்த்தவர். 1946இல் ஊர் திரும்பினார்.

என்ன கதை?

செல்லையா, பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். அவனும் முதலாளி மகள் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். போரின்போது அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். 1945இல் ஜப்பான் சரணடைகிறது. உயிர் தப்பியாச்சு, இனி கல்யாணம்தானேன்னு நினைப்பீங்க. ஆனால் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று முதலாளி முடிவு செய்கிறார். மகளை வேறொருவனுக்குக் கொடுக்க நினைக்கிறார். அப்புறம் என்ன ஆச்சு? அதை நாவலிலேயே படியுங்கள்.

ஏன் படிக்கணும்?

போர்க் காதல் என்றால் குண்டும் சாவும்தான் ஆபத்து என்று நினைப்போம். இங்கே காதலன் உயிரோடு திரும்பிய பிறகுதான் இழப்பே தொடங்குகிறது. போர் செல்லையாவை மாற்றிவிட்டது. அவன் விட்டுப்போன கடை மாறவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது அந்தக் காதல்.

பிடிச்சிருந்தா, 1972இல் வந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யையும் எடுங்கள். 'ஜப்பான்காரன் காலம்' பற்றி வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.